பழைய பெட்ரோல் பிக்கப்: எந்தக் கோளாறுக்கு முதலில் எங்கே கை வைப்பது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் மாந்தோப்புக் கொட்டகைகளிலும் ரைஸ்மில் பின்புறங்களிலும் இன்னும் சில பழைய பெட்ரோல் பிக்கப்கள் நிற்கின்றன. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி உரிமத்தில் மகிந்திரா கட்டிய ஜீப் மூக்கு வண்டிகள், 2.2 லிட்டர், நாலு சிலிண்டர் ஹரிக்கேன் என்ஜின். இதை வீட்டிலேயே எழுப்பிவிடலாம் என்று இறங்குகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கோளாறுகளில்தான் வந்து மாட்டுகிறார்கள். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

இந்த வண்டிகளில் பலவும் ஓடும்போது உடைந்து நின்றவை அல்ல. டயர் இல்லை, பேப்பர் முடிந்தது, பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று ஓரங்கட்டப்பட்டவை. ஆகவே இன்று தெரியும் கோளாறு பெரும்பாலும் நின்ற காலத்தில் வந்தது: துரு, காய்ந்த ரப்பர், கறுத்த பாயின்ட், எலி கடித்த ஒயர். எட்டிப் பார்த்தவுடனே "என்ஜின் போச்சுங்க" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம்.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஃபில்லர் கேஜ், பிளக் ஸ்பேனர், கம்ப்ரஷன் கேஜ் (இரவல் போதும்), நல்ல ஜாக், அதோடு இரண்டு ஜாக் ஸ்டாண்டு. செங்கல், ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். பெட்ரோல் வேலை செய்யும்போது பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## செல்ஃப் சுற்றவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் சுவிட்சை மிதியுங்கள். பழைய வண்டிகளில் இது தரையில் காலால் மிதிக்கும் சுவிட்ச். லைட் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

லைட் கொஞ்சமும் மங்கவில்லை, சத்தமும் இல்லை. செல்ஃபுக்குக் கரன்டே போகவில்லை. மிதி சுவிட்ச் உள்ளே சேறும் துருவும் ஏறியிருக்கும். கழற்றி, உள்ளே இருக்கும் செம்புத் தகட்டை எமரியால் தேய்த்தால் பாதி வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

லைட் சுத்தமாக அணைந்துபோகிறது. பேட்டரி டெர்மினல் லூஸ், அல்லது பேட்டரி தீர்ந்துவிட்டது. முழு சார்ஜில் நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும்; செல்ஃப் இழுக்கும்போது 10க்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் வேறொரு நல்ல பேட்டரி வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃப் முனகுகிறது. எர்த்தைச் சந்தேகியுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முளையிலும் இன்னொன்றை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஆளை விட்டு செல்ஃபை மிதிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. என்ஜின் ரப்பர் மவுண்டு மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை இருக்க வேண்டும். பெயின்ட் அடித்தவர் அதைத் திரும்ப மாட்டியிருக்க மாட்டார், அல்லது பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார். சுரண்டி வெறும் இரும்பில் மாட்டுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்க, முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். கட்டை விரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு தப்பும். என்ஜின் சுற்றினால் கோளாறு செல்ஃபில்: கழற்றி செல்ஃப் டைனமோ கடைக்குக் கொண்டுபோங்கள், கார்பன் பிரஷும் புஷ்ஷும் பெரிய செலவில்லை.

ஹேண்டிலும் அசையவில்லை. என்ஜின் ஜாம். ஒவ்வொரு பிளக் துளையிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, தினம் ஒருமுறை ஹேண்டிலில் முன்னும் பின்னும் லேசாக அசைத்துக் கொடுங்கள். டிராக்டரில் கட்டி இழுத்து எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். ஒட்டிப்போன பிஸ்டனை அப்படி இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், ரிங் உடையும். ஒரு வாரம் ஊறியும் இம்மியும் நகரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து அது என்ஜின் மெக்கானிக் வேலை.

## செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை

கார்புரேட்டரைக் கழற்றும் ஆசை முதலில் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, பிளக்கில் கரன்ட் வருகிறதா?

ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி, காப்பு போட்ட இடுக்கியால் பிடித்து, அதன் முனையைப் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று தாண்ட வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

### கரன்ட் இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டை (திறந்து மூடி காயில் கரன்டை வெட்டும் சிறு தொடுமுனை) பாருங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பாயின்ட் முகத்தில் சாம்பல் நிறப் படலம் கட்டியிருக்கும், கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். நைஸ் எமரியை நடுவில் விட்டு இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைப்பு. பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும் இடத்தில் இடைவெளி 0.5 மி.மீ. இதை மட்டும் செய்து ஓடிய வண்டிகள்தான் அதிகம்.

இன்னும் வரவில்லையா? இக்னிஷன் ஆன் செய்து, காயிலின் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) பாயின்ட் பக்க முனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்து என்ஜினைச் சுற்றுங்கள். லேம்ப் எரிந்து அணைந்தால் பாயின்ட் வேலை செய்கிறது. காயிலையும் கன்டென்சரையும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் காயிலின் இன்னொரு முனைக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சாவி சுவிட்சுக்கும் காயிலுக்கும் நடுவில் ஒயர் போயிருக்கிறது (எலி, அணில்). வருகிறது, ஆனாலும் லேம்ப் எரியவில்லை என்றால் காயில் உள்ளே அறுந்திருக்கும், இல்லை பாயின்ட் திறக்காமல் எர்த் ஆகிக் கிடக்கும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் சேரவில்லை.

கன்டென்சர் போயிருந்தால் பாயின்ட்டுக்கு நடுவில் பெரிதாகத் தீப்பொறி பறக்கும். விலை குறைந்த சாமான். சோதித்துக்கொண்டு இருப்பதைவிட ஒன்று மாற்றிப் பார்ப்பது மேல். கடைசியாக ரோட்டரிலும் மூடியிலும் தலைமுடி போல விரிசல் இருக்கிறதா என்று இருட்டில் பாருங்கள். கரன்ட் கசிந்தால் நீலமாகத் தெரியும்.

### கரன்ட் நன்றாக வருகிறது

பிளக்கைக் கழற்றி முகர்ந்து பாருங்கள்.

பிளக் காய்ந்திருக்கிறது. பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். பீய்ச்சி பீய்ச்சி வந்தால் ஏசி பம்ப் (பெட்ரோல் பம்ப்) நல்லது, அடைப்பு கார்புரேட்டருக்குள்; ஊசி வால்வும் ஜெட்டும் பழைய பெட்ரோலின் பிசினில் ஒட்டிக்கிடக்கும். வரவில்லை என்றால் பம்புக்கு முன்னால் உள்ள பைப்பை வாயால் அல்ல, கைப்பம்பால் டேங்க் பக்கம் ஊதிப் பாருங்கள். டேங்குக்குள் குமிழி சத்தம் கேட்டால் பைப் திறந்திருக்கிறது, பம்புக்குள் இருக்கும் டயாபிரம் (வளையும் சவ்வு) போயிருக்கிறது.

டயாபிரம் கிழிந்தால் இன்னொரு வினை உண்டு: பெட்ரோல் சம்ப்புக்குள் (என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறங்கும். ஆயில் டிப் ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தாலோ, பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ என்ஜினை ஒரு விநாடியும் ஓட்டாதீர்கள். டயாபிரம் மாற்றி, ஆயிலும் மாற்றிய பிறகே செல்ஃப்.

2025இல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. இந்த வண்டிகளின் ரப்பரும் கார்க் பேக்கிங்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓடுகிற பழைய ஹோஸ்கூட உப்பி, உள்ளே உரிந்து, கறுப்புத் தூளாக ஜெட்டில் போய் உட்காரும். கடையில் எத்தனால் தாங்கும் ஹோஸ், எத்தனால் தாங்கும் டயாபிரம் என்று கேட்டே வாங்குங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியும்.

பிளக் நனைந்திருக்கிறது. சோக்கை அதிகம் இழுத்திருப்பீர்கள். பிளக்கைக் காயவைத்து, சோக் இல்லாமல், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடியுங்கள். திரும்பத் திரும்ப நனைந்தால் கார்புரேட்டர் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தளும்பினால் பித்தளை ஃப்ளோட் ஓட்டை.

'பட்' என்று கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கிறது. யாரோ ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். அது சரியாக இருந்தும் அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று மாறி உட்கார்ந்திருக்கலாம்.

கரன்ட் சரி, பெட்ரோல் சரி, ஆர்டர் சரி, அப்போதும் பிடிக்கவில்லை என்றால்தான் கம்ப்ரஷன். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 பிஎஸ்ஐக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு. இந்த என்ஜினில் இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கிறது. நின்ற வண்டியில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடியே ஒட்டிக்கொள்வது சாதாரணம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தண்டில் ஆயில் விட்டு, ஹெட்டைத் தூக்காமலே சில நேரம் விடுவித்துவிடலாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் ஹெட் பேக்கிங்.

ரிங், போர் என்று போனால் ரீபோர் (சிலிண்டரைக் கடையும்) பட்டறைதான். இந்தக் கட்டத்தில் "டீசல் என்ஜின் மாத்திடலாம்ணா" என்று ஒருவர் வருவார். ஓடுகிற வண்டி வேண்டும் என்பவருக்கு அது வழிதான். ஆனால் 50 ஆண்டு கடந்த சொந்த வாகனங்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு மட்டுமே. அந்தப் பதிவை நினைத்திருந்தால் என்ஜினை மாற்றாதீர்கள். அந்தப் பதிவில் வண்டியைத் தினசரி வேலைக்கு ஓட்டவும் முடியாது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

## ஓடுகிறது, சில கிலோமீட்டரில் நின்றுபோகிறது

நின்ற இடத்திலேயே, ஆறுவதற்கு முன் பார்க்க வேண்டிய கோளாறு இது. வீட்டுக்கு இழுத்து வந்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கொட்டகையில் நின்ற வண்டியில் குளவி அங்கே மண்கூடு கட்டியிருக்கும். ஒரு கம்பி போதும்.

மூடி காரணமில்லை என்றால் உடனே பிளக் கரன்ட் பாருங்கள். சூட்டில் கரன்ட் செத்து, அரை மணி ஆறியதும் திரும்ப வந்தால் கன்டென்சர் அல்லது காயில். கரன்ட் இருக்கிறது என்றால் ஏசி பம்ப் மேல் ஈரத்துணியைப் போடுங்கள். சற்று நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிறது. பைப் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா பார்த்து விலக்கிக் கட்டுங்கள். சித்திரை வெயிலில் ஊத்தங்கரை, அரூர் பக்கம் இது வரும். அதே வண்டி ஓசூரில் ஒரு தொந்தரவும் தராது.

பைப்பில் ஒரு கண்ணாடி ஃபில்டர் போட்டு அதில் காவி நிறத் தூள் சேர்ந்தால் டேங்க் உள்ளே துரு. இறக்கிக் கழுவலாம். ஆனால் ஓட்டை இருந்தால் கேஸ் வெல்டிங், ஆர்க் வெல்டிங் எதையும் வீட்டில் நினைக்காதீர்கள். காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். ரேடியேட்டர், டேங்க் வேலை மட்டுமே செய்கிறவரிடம் கொடுங்கள்.

## என்ஜின் சூடேறுகிறது

நம் இரண்டு மாவட்டங்களுக்கே உரிய காரணம் ஒன்று இதில் உண்டு: போர் தண்ணீர். 2013இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான். ரேடியேட்டரைக் கெடுப்பது ஃபுளோரைடு அல்ல. கூடவே வரும் சுண்ணாம்பு உப்பு. ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் குழாய்களுக்குள் வெள்ளைக் கல் கட்டியிருக்கும், பிளாக்கின் அடியில் சேறு படிந்திருக்கும்.

எப்போது சூடேறுகிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் மட்டும். ஃபேன் பெல்ட் தளர்வு. நடுவில் அழுத்தினால் ஒன்று, ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது. அப்புறம் ரேடியேட்டர் முகத்தைப் பாருங்கள்: கிரானைட் குவாரிச் சாலையில் ஓடிய வண்டியில் தூசும் பூச்சியும் சேர்ந்து பாதியை அடைத்திருக்கும். என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

மேட்டில், சுமையோடு, வேகத்தில். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போதும், கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியே ஓசூர் ஏறும்போதும்தான் இது வெளியே வரும். இது உள் அடைப்பு. ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது, என்ஜினை அணைத்துவிட்டு, அதன் முகத்தில் புறங்கையை மேலிருந்து கீழாக நகர்த்துங்கள். குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. மேலும் கீழும் உள்ள ஹோஸைக் கழற்றி, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுத் தெளியும்வரை கழுவுங்கள். பிளாக்கின் வடிகால் திருகையும் கழற்றிக் கம்பியால் குத்திவிடுங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதற்கும் தீரவில்லை என்றால் ரேடியேட்டரை இறக்கி, மேல் தொட்டியைப் பிரித்து ராடு விட்டுக் குத்தச் சொல்லுங்கள். பித்தளை ரேடியேட்டர் என்பதால் இது நடக்கும். கழிவறை கழுவும் ஆசிடை ஊற்றினால் கல் கரையும் என்பார்கள். கல்லோடு ஈயப் பற்றும் கரையும். வேண்டாம்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே. தெர்மாஸ்டாட் மூடியபடி நின்றிருக்கலாம். கழற்றி, அடுப்பில் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் திறப்பது கண்ணுக்குத் தெரியும். தெர்மாஸ்டாட்டை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தேன்கனிக்கோட்டை மார்கழியில் அந்த வண்டி சூடே பிடிக்காமல் பெட்ரோல் குடிக்கும்.

குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடி திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வருகிறது. ஹெட் பேக்கிங் போயிருக்கிறது, அல்லது ஹெட் விரிசல். ஆயில் மூடியில் பால் காபி நிறம் இருந்தால் உறுதி. நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹெட்டை லேத்தில் மட்டம் பார்க்காமல் புதுப் பேக்கிங் வைத்தால் அதுவும் போகும்.

இவை எதுவும் இல்லை என்றால் இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா, ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடி மாற்றும்போது இன்றைய காருக்கான 13, 15 பிஎஸ்ஐ மூடி பொருந்துகிறது என்று போட்டுவிடாதீர்கள், பழைய ரேடியேட்டரின் பற்று விட்டுவிடும். எல்லாம் சரியானபின் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோடு பச்சைக் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீரை மறுபடி அருகில் சேர்க்க வேண்டாம்.

## புகை

கறுப்பு: சோக் திரும்பவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. இது ஆயில் கிண்ணம் வைத்த பழைய ஃபில்டர். குவாரித் தூசில் கிண்ணம் களிமண்ணாகிவிடும். கழுவி, கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். வெள்ளை: காலையில் சற்று நேரம் வருவது ஈரம்; நிற்காமல் வந்தால் ஹெட் பேக்கிங். நீலம்: ஆயில் எரிகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தால் வால்வு கைடு, எப்போதும் வந்தால் ரிங். பல வருடம் நின்ற வண்டியில் முதல் சில நூறு கிலோமீட்டர் நீலப் புகை வந்து, ரிங் விடுபட்டதும் தானே குறையும். அதுவரை ரீபோருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

## பிரேக்

இந்த வண்டிகளில் பிரேக் ஆயில் பாதை ஒன்றே ஒன்று. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. என்ஜின் ஓடிவிட்ட சந்தோஷத்தில் பிரேக் பார்க்காமல் தெருவில் இறக்குகிறவர்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கும். என்ஜினுக்கு முன்பே இதைச் செய்து வைப்பது நல்லது.

பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. காற்று. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. திரும்பத் திரும்பக் காற்று வந்தால் எங்கோ ஒழுகல். டிரம்மின் பின்தகட்டில் ஈரம் தேடுங்கள்.

பெடல் ஆழம் போகிறது, இரண்டு மூன்று மிதியில் மேலே வருகிறது. ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது. சக்கரம் உரசும்வரை முடுக்கி, உரசல் நிற்கும்வரை தளர்த்துங்கள்.

மிதித்துப் பிடித்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே ஒழுகல் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர். உள்சுவரில் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகக் குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை. லேத்தில் உள்ளே ஸ்லீவ் போட்டுத் தருவார்கள், ஓசூரில் அப்படி நுணுக்கமாகச் செய்யும் பட்டறைகள் உண்டு.

மிதித்த பிறகு விடவில்லை. வண்டியைத் தூக்கி, பிடித்திருக்கும் சக்கரத்தின் நிப்பிளை (ஏர் எடுக்கும் திருகு) தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் விட்டால் அழுத்தம் திரும்பவில்லை. விடவில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள்ளேயே (ஷூ, ஸ்பிரிங், ஜாமான வீல் சிலிண்டர்). அழுத்தம்தான் என்றால் மறுபடி மிதித்துப் பிடிக்கவைத்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டர் பக்க நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் மாஸ்டரில் தவறு, பெரும்பாலும் பெடலுக்கு ஃப்ரீ பிளே (பிடிக்கும் முன் சும்மா இறங்கும் தூரம்) இல்லாததால். விடவில்லை என்றால் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே பார்க்க ஹோஸ் புதிது போலவே இருக்கும், ஏமாறாதீர்கள். எல்லா ஹோஸையும் மாற்றுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது. எதிர்ப்பக்க லைனரில் கிரீஸோ ஆயிலோ இறங்கியிருக்கும். பெட்ரோலில் கழுவி எரித்துப் போடுவது தற்காலிகம். லைனிங் கடையில் புதிது அடித்து வாங்குங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. பழைய லைனரில் கல்நார் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்து ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்துத் துடையுங்கள், முகத்தில் மாஸ்க் போட்டு.

ஆயில் குறைந்தால் பிரேக் ஆயில் மட்டுமே. அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றிய வண்டியில் அத்தனை ரப்பரும் உப்பிவிடும், முழு சிஸ்டமும் பிரிக்க வேண்டும். ஜீப் வகை வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. கியர் ஆயில் ஒழுகினால் முதலில் நனைவது அதுதான்.

டிரம் சுவரில் ஆழமான வரி, இரும்புப் பைப்பில் துரு, அல்லது ஏர் எடுத்தும் பெடல் நிற்காமை: மூன்றில் ஒன்று இருந்தாலும் தெரிந்தவரிடம் காட்டாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள். முதல் ஓட்டம் மேடு பள்ளமில்லாத காலி இடத்தில். தொப்பூர் இறக்கத்துக்கு இது ஆகாது. அங்கே போகும் நாளிலும் ஏறின கியரிலேயே இறங்க வேண்டும்.

## ஸ்டியரிங் உதறுகிறது

நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரங்கள் படபடவென்று ஆடத் தொடங்கும். முதலில் டயர்: காற்று அளவு, வீக்கம், பக்கவாட்டு வெடிப்பு. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் கடைசி இரண்டு தயாரித்த ஆண்டு. ஆழமான பட்டன் (தரையில் படும் வரி) இருந்தாலும் வயதான டயர் வயதான டயர்தான்.

பிறகு ஒருவரை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைக்கச் சொல்லி, நீங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பாருங்கள்: டை ராடு எண்டு, டிராக் லிங்க், நடுவில் உள்ள பெல் கிராங்க். இந்தப் பெல் கிராங்க்தான் அதிகம் தேய்வது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் தேய்மானம் தெரியும். ஸ்பிரிங் பட்டையின் ஷாக்கிள் புஷ்ஷையும் விடாதீர்கள். புஷ், எண்டு மாற்றுவது வீட்டு வேலை; கிங் பின் பேரிங்குக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைப்பதும் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்னால் சற்று உள்வாங்கி நிற்கும் அளவு) பார்ப்பதும் பழைய ஜீப் தெரிந்த ஆளின் வேலை.

## கிளட்ச், கியர்

என்ஜின் ஓடும்போது கியரே விழவில்லை, அணைத்தால் விழுகிறது என்றால் நின்ற காலத்தில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெடலை மிதித்து, ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்க விடுங்கள். பல நேரம் காலையில் விட்டிருக்கும். பெடல் ஃப்ரீ பிளே 25 மி.மீ. அளவுக்கு இருக்கிறதா பாருங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் முதலில் கியர்பாக்ஸ் மவுண்டு ரப்பர், அடுத்து மேல் மூடியில் உள்ள ஸ்பிரிங்கும் பந்தும். அதற்கு மேல் பெட்டியைப் பிரிக்க வேண்டும். அதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

## சார்ஜ், லைட்

டைனமோ வண்டியில் ஐட்லிங்கில் லைட் மங்குவது கோளாறு அல்ல. என்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து பேட்டரி முனையில் அளவெடுங்கள்: 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி. வரவில்லை என்றால் பெல்ட், பிரஷ், பிறகு கட்-அவுட் (டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி). கட்-அவுட்டை நீங்களே வளைத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டாம், செல்ஃப் டைனமோ கடைக்காரர் மீட்டர் வைத்துச் செய்வார். ஒரு லைட் மட்டும் எரியவில்லை என்றால் பத்தில் எட்டு முறை அதன் எர்த். ஒயரின் துணி உறை தொட்டால் உதிர்கிறது என்றால் ஒட்டுப் போடாமல் முழு ஒயரிங்கும் மாற்றிவிடுங்கள், தீப்பிடிப்பது அங்கிருந்துதான்.

## தரைத்தகடும் டெக்கும்

நம் பக்கம் கடற்காற்று இல்லை, அதனால் மேல்தகடு பெரும்பாலும் தப்பியிருக்கும். துரு உள்ளிருந்து வருகிறது. யூரியா மூட்டையும் புளியும் ஏற்றிய டெக்கில் பலகைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள்; பலகையைக் கழற்றாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழையிலேயே கொப்புளம் வரும். டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். முனை உள்ளே இறங்கும் இடமெல்லாம் டிங்கர் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டிய இடம். புட்டி பூசி மறைக்கச் சம்மதிக்காதீர்கள்.

சேஸிஸில் ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். கறுப்பான மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல். அதன் மேல் வெறுமனே வெல்டிங் ஓட்டினால் பக்கத்திலேயே அடுத்தது கிளம்பும். விரிசல் முனையில் துளை போட்டு நிறுத்தி, பட்டை வைத்து அடிக்கத் தெரிந்த லாரி சேஸிஸ் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு அல்ல, ஏற்றிக்கொண்டு. அங்கே வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிடுங்கள்.